படியோரம் நின்றவள்

நான் மலேசியாவில், குருண் என்ற ஊரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து மாலைவரை ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுவதுதான் என் பிழைப்பு. கப்பல் தாமதமானால் வருத்தம் தெரிவிப்பது, பெட்டிகள் நனைந்துபோனால் விளக்கம் சொல்வது. இப்படியே பல வருஷம் ஓடிய பிறகு, நாற்பதைத் தாண்டிய வயதில், ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அண்ணன், “இப்ப படிச்சு என்ன செய்யப்போற?” என்றார். அப்பா மறுநாளே எங்கள் ஊரான கரங்கானில், காப்பிக்கடையில் எல்லாரிடமும், “எம் மக டாக்டருக்குப் படிக்குது” என்று சொல்லிவிட்டார். எந்த டாக்டர் என்று அவருக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சோறு போட்டார்.

அம்மா எப்போதுமே அப்படித்தான். அப்பாவும் அம்மாவும் ஒரே ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டியவர்கள். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்த பிறகு தோட்டத்தை விட்டு வெளியேறி, கரங்கான் பக்கத்தில் ஒரு தாமான் குடியிருப்பில் சின்ன வீடு வாங்கிக் குடியேறினார்கள். அப்பா பேசிக்கொண்டே இருப்பார். அம்மா கேட்டுக்கொண்டே இருப்பார். கேட்கிறாரா என்றுகூடச் சில நேரம் எங்களுக்குச் சந்தேகம் வரும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குருணில் வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். வார இறுதியில் காடியை ஓட்டிக்கொண்டு கரங்கான் போவேன்.

ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு நாவல். கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் துரையாக இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஓர் ஆங்கிலேயர் தன் முதுமையில் எழுதியது. இப்போது அச்சில் இல்லை. தோட்டத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் அவர் மாற்றிவிட்டார். ஆனாலும் சமவெளியில் தனியாக எழும் அந்த மலையைப் படித்ததும் ஜெராய் மலை என்று தெரிந்துவிட்டது. என் அலுவலக ஜன்னலிலிருந்து அதைத்தான் தினமும் பார்க்கிறேன்.

நாவலின் நடுவில் ஓர் அத்தியாயம் வருகிறது. மரம் சாய்ந்து ஒரு தொழிலாளி செத்துப்போகிறான். மறுநாள் காலையில் அவன் மனைவி துரையின் பங்களாவுக்கு வந்து படியோரம் நிற்கிறாள். துரை வெளியே வந்து என்ன வேண்டும் என்று கேட்கிறார். அவள் பேசவில்லை. தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் கேட்கிறார். பேசவில்லை. கிராணியை, அதாவது தோட்டத்துக் கணக்கரை, வரவழைத்துக் கேட்கச் சொல்கிறார். அவருக்கும் பதில் இல்லை. ஓர் அரிசி மூட்டையைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைக்கிறார்கள். துரை சாப்பிடுகிறார், தூங்குகிறார், எழுந்து வருகிறார். அவள் நிற்கிறாள். விளக்கேற்றும் நேரத்தில் பார்த்தால் அவள் இல்லை. அதன்பிறகு நாவல் முழுவதும் துரையின் மனக்குழப்பம்தான். அவருடைய குடிப்பழக்கம், முறிந்துபோகும் மணவாழ்க்கை, ஊர் திரும்புதல், குளிர்காலத்தில் கணப்பின் முன்னால் உட்கார்ந்து அந்தப் பெண்ணை நினைப்பது. அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது.

இதைப் படித்ததும் எனக்கு வந்தது கோபம். அந்தக் கோபத்திலேயே என் முதல் அத்தியாயத்தை எழுதினேன். நாவலில் கிராணி பேசுகிறார், சமையல்காரன் பேசுகிறான், துரையின் நாய்கூடக் குரைக்கிறது. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு மட்டும் ஒரு சொல் கிடையாது. ஆசிரியர் அவளுக்கு வாய் கொடுக்கவில்லை. துரை தன் முகத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு கண்ணாடி தேவைப்பட்டது. அதற்காக அவளைக் கொண்டுவந்து படியோரம் நிறுத்திவிட்டார். இதுதான் என் வாதம். எழுதி முடித்தபோது நல்ல காரியம் ஒன்றைச் செய்துவிட்ட நிறைவு இருந்தது.

என் மேற்பார்வையாளர் மலாய்க்காரப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். நான் அவரை டாக்டர் என்பேன். அவர் என்னைக் கக் என்பார், அக்கா என்று அர்த்தம். சனிக்கிழமைகளில் அலோர் ஸ்டாரில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்திப்போம். பாதி ஆங்கிலம், பாதி மலாய் என்று பேச்சு ஓடும். அவர் என் அத்தியாயத்தை மேசையில் வைத்துவிட்டு, தேத்தண்ணீரை ஓரமாக நகர்த்தினார்.

“நல்லா எழுதியிருக்கீங்க கக். ஆனா முடிவை முதல்ல எடுத்துட்டு அப்புறமா நாவலைப் படிச்ச மாதிரி இருக்கு.”

“முடிவு தப்பா, டாக்டர்?”

“அவ பேசலேன்னு எல்லாப் பக்கத்திலும் சொல்றீங்க. அவ என்ன செய்யறான்னு ஒரு இடத்திலகூடச் சொல்லல.”

“அவ ஒண்ணும் செய்யல. நிக்கிறா.”

“நிக்கிறது ஒண்ணும் செய்யாததா?”

எனக்குச் சுருக்கென்றது. “டாக்டர், எங்கம்மா அந்த மாதிரி தோட்டத்து லயத்துல பொறந்தவங்க” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “அதனாலதான் கேக்கறேன்” என்றார்.

அன்று திரும்பி வரும்போது வழியெல்லாம் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். நெடுஞ்சாலையின் இருபுறமும் வயலில் தண்ணீர் நின்றது. பல்கலைக்கழகத்தில் படித்து வளர்ந்தவருக்குத் தோட்டத்துப் பெண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். அத்தியாயத்தில் ஒரு வரியையும் மாற்றக்கூடாது என்றும் முடிவு செய்தேன்.

அப்பா இறந்தது அதற்கடுத்த மாதம். காலையில் குளியலறையில் விழுந்தார். கூலிம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுநாள் மதியம் முடிந்துவிட்டது. அண்ணன் அலோர் ஸ்டாரிலிருந்து வந்து சேர்வதற்கும் ஆஸ்பத்திரி மருத்துவர் வெளியே வந்து சொல்வதற்கும் சரியாக இருந்தது. அவ்வளவு பேசிய மனிதர் கடைசியில் எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் போனார்.

அம்மா அழவில்லை. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்தபோதும் அழவில்லை. தாமான் பெண்கள், பழைய தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் வந்து அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அம்மா அவர்கள் முதுகைத் தடவிக்கொடுத்தார். வந்தவர்களுக்கு நாற்காலி பத்துமா என்று என்னைப் பார்த்துக் கையால் கேட்டார். உடல் வீட்டை விட்டுப் போகும்போது வாசல்வரை நடந்துவந்து நின்றார். வண்டி திருப்பத்தில் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து, தண்ணீர் விட்டுத் தரையைக் கழுவத் தொடங்கினார்.

அப்பாவுக்கு ஒரே தங்கை. குருணுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இன்னும் இருக்கிறார். அப்பாவிடம் உயிரையே வைத்திருந்த அத்தை. சாவு வீட்டில் அவர் தரையில் புரண்டு அழுததை யாராலும் பார்க்க முடியவில்லை. அழுகை ஓய்ந்ததும் அவர் அம்மாவைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

“எங்கண்ணன் கூட இத்தன வருசம் குடும்பம் நடத்துனவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரலியே” என்று, அம்மா காதில் விழும்படியே சொன்னார்.

அண்ணன் அத்தையைத் தனியாக அழைத்துப்போய், “அம்மாவுக்கு ஷாக் லா அத்தை, ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்று சமாதானம் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் மெதுவாக, “கல்நெஞ்சுன்னு சொல்லக் கூடாது, ஆனா சில பேரு அப்படித்தான்” என்றார். நான் வேறு ஒன்று நினைத்தேன். அப்பாவின் பேச்சுக்கு அடியில் அம்மா இத்தனை காலம் நசுங்கிக் கிடந்தாரோ, இப்போது விடுதலைபோல ஏதோ தோன்றுகிறதோ என்று நினைத்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றாலும், நானும் மற்றவர்களைப் போலத்தான் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருமாதி நாள் வந்தது. விடியும் முன்னே பெண்கள் கூடிவிட்டார்கள். எங்கள் வழக்கப்படி அன்றைக்குத்தான் தாலியைக் கழற்றுவது. கூடத்தில் பாய் விரித்து அம்மாவை உட்கார வைத்தார்கள். பூ வைத்து, பொட்டு வைத்து, கை நிறைய வளையல் போட்டார்கள். இவையெல்லாம் பிறகு எடுப்பதற்காக வைப்பவை. நான் சமையலறை நிலையில் சாய்ந்து நின்றேன். கிட்டே போக மனம் வரவில்லை.

வளையலை உடைத்தார்கள். அம்மா கையைக் கொடுத்தார். பூவை எடுத்தார்கள். தலையைக் குனிந்தார். வயதான ஒரு பெண்மணி தாலிக் கயிற்றுக்குக் கை நீட்டியபோது, அம்மா வலது கையால் தாலியை மூடிப் பிடித்துக்கொண்டார்.

“கைய எடும்மா” என்றார் அந்தப் பெண்மணி.

அம்மா எடுக்கவில்லை.

“அண்ணி, கைய எடுங்க” என்றார் அத்தை.

அம்மா அத்தையை நிமிர்ந்து பார்த்தார். பிடியைத் தளர்த்தவில்லை. ஒருத்தி விரலை மெல்லப் பிரிக்கப் பார்த்தாள். மரம் வெட்டிப் பழகிய கை, பிரிக்க முடியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “வேணாம், விட்டுடுங்க” என்று நான் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சூரியன் ஏறி, ஐயர் வந்து வாசலில் செருமும்வரை அம்மா அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து சமையல் பக்கம் போனார்கள். கடைசியில் அம்மாவும் எழுந்தார். தாலி கழுத்தில்தான் இருந்தது.

அத்தை அன்று சாப்பிடவில்லை. “அழவும் மாட்டா, அறுக்கவும் விடமாட்டா. எங்கண்ணன் சாவுக்கு என்னதான் மரியாத?” என்று சொல்லிவிட்டு, மகனைக் காடி எடுக்கச் சொல்லிப் புறப்பட்டுப் போய்விட்டார். அதன்பிறகு குருண் பாசாரில் காய் வாங்க வரும்போது என்னைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எனக்கு அந்தக் காலை பெரிய ஒளியாகத் தெரிந்தது. அம்மாவைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் தப்பு, அம்மா அப்பாவை விட்டுப் பிரிய மறுக்கிறார், இது அழுகைக்கும் மேலான அன்பு என்று தோன்றியது. அந்த வேகத்தில் நாவலை மறுபடியும் எடுத்தேன். அதே அத்தியாயம் இப்போது வேறு மாதிரி தெரிந்தது. அரிசி மூட்டையை நான் முதலில் துரையின் கேவலத்துக்குச் சாட்சியாகக் காட்டியிருந்தேன். ஒரு உயிருக்கு ஒரு மூட்டை அரிசியா என்று கேட்டிருந்தேன். அத்தோடு நிறுத்தியிருந்தேன். அடுத்த பக்கத்தில், மறுநாள் காலை அந்த மூட்டை படியோரத்திலேயே கிடக்கிறது, கோழிகள் அதைக் கொத்துகின்றன, துரை எரிச்சலோடு கோழிகளை விரட்டுகிறார் என்று இருக்கிறது. ஆசிரியர் அதை ஒரு சின்ன வேடிக்கையாக எழுதியிருந்தார். நானும் வேடிக்கை என்றே தாண்டிப் போயிருந்தேன். அவள் அரிசியை எடுத்துக்கொள்ளவில்லை என்பது அந்தக் கோழிகளால்தான் தெரிகிறது. காவல்காரனை விட்டுப் போகச் சொன்னார்கள், அவள் போகவில்லை. யாரும் போகச் சொல்லாத நேரத்தில் போய்விட்டாள். எல்லாம் நாவலின் அந்தப் பக்கங்களிலேயே இருந்தது. பேச்சைத் தேடிய அவசரத்தில் நான் எதையும் பார்க்கவில்லை.

அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினேன். இந்த முறை அவள் புருஷன் மேல் கொண்ட பாசத்தால் நின்றாள், அவன் நினைவுக்குக் காவலாக நின்றாள், அந்தப் பாசத்தை விலை பேச மறுத்து அரிசியை விட்டுப்போனாள் என்று எழுதினேன். எழுதும்போது கண் கலங்கியது. கலங்கியதால் நன்றாக வந்திருக்கிறது என்று நம்பினேன்.

என் மேற்பார்வையாளரான டாக்டர், அப்பாவின் சாவுக்கு வீட்டுக்கே வந்து போனவர். கருமாதியில் நடந்ததையும் நான் அவரிடம் சொல்லியிருந்தேன். அதே சாப்பாட்டுக் கடையில் இந்த அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு பாசம் என்று நான் எழுதிய இடங்களிலெல்லாம் தான் போட்டிருந்த பென்சில் கோடுகளைக் காட்டினார்.

“அரிசியும் கோழியும் ரொம்ப நல்லா புடிச்சிருக்கீங்க. இது வரைக்கும் யாரும் பார்த்ததா எனக்குத் தெரியல. ஆனா இது, இந்தப் பாசம், எந்தப் பக்கத்தில இருக்கு?”

நான் தாளைப் புரட்டிப் பார்த்தேன்.

“கக், கோவிச்சுக்காதீங்க. உங்க அம்மாவக் கூட்டிட்டு வந்து அந்தப் படியில நிறுத்திட்டீங்க. துரை தனக்கு வேண்டியதுக்காக அவளை நிறுத்துனாருன்னு முதல்ல எழுதுனீங்க. இப்ப நீங்க நிறுத்துறீங்க.”

என் முகம் சூடானதை அவர் பார்த்திருப்பார். எழுந்து போய் எனக்கு இன்னொரு தேத்தண்ணீர் வாங்கி வந்து வைத்தார். “அவசரம் இல்ல. தவணை நீட்டிக்க நான் கேக்கறேன்” என்றார். அன்று நாங்கள் அதற்குமேல் நாவலைப் பற்றிப் பேசவில்லை. அவருடைய அப்பாவும் போன வருஷம்தான் இறந்தார் என்பதை அன்றைக்குத்தான் சொன்னார். யான் என்ற ஊர்ப் பக்கத்தில் நெல் வயல் வைத்திருந்தவராம். அவருடைய சட்டை ஒன்றை இன்னும் துவைக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னார்.

நான் கரங்கானுக்கே வந்துவிட்டேன். குருணுக்குத் தினமும் காடியில் போய்வர ஆரம்பித்தேன். நேரம் எடுத்தது, ஆனால் அம்மாவைத் தனியாக விட மனமில்லை. பல மாதங்கள் ஆய்வேட்டைத் தொடவே இல்லை. அம்மா காலையில் எழுந்து வாசலைக் கூட்டுவார், செடிகளுக்குத் தண்ணீர் விடுவார், தொலைக்காட்சியில் நாடகம் பார்ப்பார். தாலி கழுத்தில் இருந்தது. விசேஷ வீடுகளுக்கு யாரும் கூப்பிடவில்லை, அவரும் போகவில்லை. தாமானில் அந்தத் தாலியைப் பற்றிப் பேச்சு ஒன்று உலவியது. அம்மாவுக்கு அது எட்டியதா என்று எனக்குத் தெரியாது.

தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம். எனக்கு விடுமுறை. அம்மா பின்கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் கொடியில் துணி காயப்போடப் போனவள் அவர் கழுத்தைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. தாலி கிடந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. கையிலிருந்த துணியை வாளியிலேயே போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எப்பம்மா?”

“காலையில. குளிச்சிட்டு.”

“யாரும் சொன்னாங்களா?”

“யாரு சொல்லணும்?”

கொஞ்ச நேரம் நானும் கீரை உருவினேன். பிறகு அடக்க முடியாமல் கேட்டேன். “அன்னைக்கு ஏம்மா விடல?”

அம்மா காம்பைத் தனியாகப் போட்டார். “அன்னைக்கு எல்லாரும் கழட்ட வந்தாங்க. எப்பக் கழட்டணும்னு எனக்குத் தெரியாதா?”

“நான் அப்பா மேல உள்ள பாசத்துலன்னு நெனச்சேன்.”

அம்மா என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. “நீ நெனச்சுக்கிட்ட” என்றார்.

“அழாதது?”

“அத விடு” என்றார். கீரையை முறத்தில் அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சட்டியில் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. நான் துணியைப் பிழிந்து காயப்போட்டேன். அப்பாவின் மேல் அவருக்கு என்ன இருந்தது என்று அந்தப் பதிலில் ஒன்றும் இல்லை. பாசம் இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. அது நான் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயம் அல்ல என்று மட்டும் புரிந்தது. கொஞ்சம் வலித்தது. மகளிடம்கூடவா என்று இருந்தது.

அந்த வாரமே மூன்றாவது முறையாக எழுத உட்கார்ந்தேன். இந்த முறை கோபமும் வரவில்லை, கண்ணும் கலங்கவில்லை. அவள் வந்தாள், நின்றாள், கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை, கொடுத்ததை எடுக்கவில்லை, போகச் சொன்னபோது போகவில்லை, பிறகு போனாள். நாவலில் அவளைப் பற்றி உள்ளது இவ்வளவுதான் என்று முதலில் வைத்தேன். ஆசிரியர் மேல் நான் வைத்த குற்றச்சாட்டை எடுக்கவில்லை. அவளுக்குப் பெயர் வைக்காதது அவர்தான். கோழி கொத்துவதை வேடிக்கையாக்கியதும் அவர்தான். ஆனால் அந்த மனிதர் தான் பார்த்ததை, அல்லது பார்த்ததாக நினைத்ததை, விட்டுவிடாமல் எழுதிவிட்டார். தனக்குப் புரியாத ஒன்று தான் எழுதிய பக்கத்திலேயே கிடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. துரைக்கு எல்லா வசதியும் கொடுத்த அந்த நாவலில், அந்த ஒரு நாள் மட்டும் நேரம் துரையின் கையில் இல்லை. அவர் சாப்பிடுவதும் தூங்குவதும் அவள் நிற்பதை வைத்தே அளக்கப்படுகிறது. இதைத்தான் எழுதினேன். ஏன் நின்றாள் என்ற கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. டாக்டர் இதைப் படித்துவிட்டுக் கைப்பேசியில் ஒரே வரி அனுப்பினார், ஆய்வேட்டைத் தேர்வுக்கு அனுப்பி வையுங்கள் என்று.

ஆய்வேட்டுக்கான நேர்முகத் தேர்வு அன்று மழை. தேர்வாளர்களில் ஒருவர் மூத்த பேராசிரியர். கனிவாகத்தான் பேசினார், ஆனால் விடவில்லை.

“இவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறீர்கள். கடைசியில் அந்தப் பெண் ஏன் நின்றாள் என்று சொல்லவே இல்லையே?”

“தெரியவில்லை, பேராசிரியர்.”

“தெரியவில்லை என்பது ஒரு முடிவா?”

“ஊகிக்கலாம். நானே இரண்டு முறை ஊகித்து எழுதினேன். இரண்டு முறையும் அவளை விட்டுவிட்டு என்னைப் பற்றித்தான் எழுதியிருந்தேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்றொரு தேர்வாளர் அடுத்த கேள்விக்குப் போனார். திருத்தங்களோடு தேர்ச்சி என்று முடிவு வந்தது. முடிவுரையை வலுப்படுத்த வேண்டும் என்று மூத்தவர் எழுதியிருந்தார். வலுப்படுத்தினேன். சில பக்கங்கள் கூடின. அவை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனால் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். ஒப்புதல் கிடைத்துவிட்டது. அம்மாவிடம் பாஸ் என்றேன். “சாமிக்கு ஒரு கற்பூரம் ஏத்திடு” என்றார். காப்பிக்கடையில் சொல்வதற்கு அப்பா இல்லை. அந்த நினைப்பில் சாமி அறையில் நின்று நான் நிறைய நேரம் அழுதேன்.

அப்பாவின் வருஷத் திவசம் நெருங்கியபோது, அம்மா என்னிடம், “அத்தையக் கூப்பிடு” என்றார்.

வேலை முடிந்து அத்தை வீட்டுக்குப் போனேன். செம்பனை வரிசைகளுக்கு நடுவே செம்மண் பாதை, அதன் முடிவில் வீடு. அத்தை என்னை உள்ளே வரச் சொன்னார், நாற்காலியைத் துடைத்துப் போட்டார், ஆனால் முகம் இறுகியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

“உங்கம்மாவுக்கு வாய் இல்லியா? அவங்க கூப்பிட மாட்டாங்களா?”

நான் கைப்பேசியில் அம்மாவை அழைத்து அத்தையிடம் கொடுத்தேன். அத்தை அதைக் காதில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். அந்தப் பக்கமும் சத்தம் இல்லை. வெளியே சேவல் ஒன்று கூவியது. கடைசியில் அம்மாவின் குரல் எனக்கே கேட்டது.

“வா.”

அத்தை கைப்பேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்தார். “இத்தன வருசத்துல உங்கம்மா என்கிட்ட வாங்க போங்கன்னு நாலு வார்த்த சேர்ந்தாப்ல பேசினதில்ல” என்றார். அது புகாரா என்று எனக்குத் தெரியவில்லை.

திவசத்தன்று விடிந்ததும் அத்தை வந்துவிட்டார். மகனின் காடியில் வாழை இலைக்கட்டும், தோட்டத்தில் காய்த்த பூசணியும் இருந்தன. இறங்கி வாசலுக்கு வந்தவர் அம்மாவின் கழுத்தைப் பார்த்து நின்றுவிட்டார். இன்னொரு முறை கூடத்தில் அந்தக் காட்சி நடக்கப்போகிறது என்று பயந்தேன்.

“எப்ப, அண்ணி?” என்று கேட்டார் அத்தை.

“தையில.”

அத்தை அம்மாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்று கொஞ்சம் அழுதார், போன தடவைபோல் சத்தமாக இல்லை. அம்மா அவர் பக்கத்தில் வந்து, தோளில் கை வைத்து, அழுது முடியும்வரை நின்றார்.

“பூசணிய சாம்பாருக்குப் போடவா, கூட்டு வைக்கவா?” என்று கேட்டார் அத்தை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

“அவருக்குக் கூட்டுதான் புடிக்கும்” என்றார் அம்மா.

இருவரும் சமையலறைக்குள் போனார்கள். நான் வாசலுக்குப் போய்க் காடியிலிருந்து இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.